ஈ மாப்பிள்ளைக்கு என்ன குறை

அந்தப் பையை மடியில வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காருவீங்க தம்பி, இப்படி என் காலுக்கிட்ட தள்ளுங்க. மதுரை வரைக்கும்தானே? நானும் அங்கதான். கல்யாணம் ஆயிருச்சா? ஆயிருச்சா. தம்பி தங்கச்சி யாராச்சும்? அதுவும் முடிஞ்சுதா. சரி, விடுங்க, தொழில் புத்தி, கேட்டுட்டேன். என் பேரு வெள்ளைக்கண்ணு. கல்யாணத் தரகர்னு சொன்னா நாகமலைப் பக்கம் பச்சப்புள்ளகூட வீட்டைக் காட்டும்.

நான் மனுசங்களுக்கு மட்டும் சம்பந்தம் பேசினவன் இல்ல தம்பி. ஈக்கும் பேசியிருக்கேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான். வாழைப்பழம் கனிஞ்சா எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, கடுகைவிடச் சின்னதா, அந்தப் பழ ஈக்கு. அந்த ஈயாலதான் என்னை ஒரு வீட்டுல பாதிச் சோத்துல எழுப்பி விட்டாங்க. இப்பத் தாண்டினோமே சின்னமனூரு, அந்த ஊர்லதான். பஸ்ஸு அந்த ஸ்டாப்புல நின்னதும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. யார்கிட்டயாவது சொன்னாத்தான் ஆறும். நீங்க வேற ஜன்னல் பக்கம் மாட்டிக்கிட்டீங்க, எந்திரிச்சுப் போகவும் முடியாது.

எங்க வீட்டு மாடியில ஒரு பொண்ணு குடியிருந்துச்சு. பெனிட்டான்னு பேரு, தூத்துக்குடிக்காரப் பொண்ணு. யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி பாப்பான்னு கேட்டா, 'ஈ அங்கிள்'னுச்சு. ஒழிக்கிறதுக்கான்னேன். 'இல்ல, வளக்குறதுக்கு'ன்னுச்சு. என் பேரைச் சொன்னதும் அதுக்குச் சிரிப்பு தாங்கல. அவங்க ஈயில வெள்ளைக் கண்ணுன்னே ஒரு வகை இருக்காம், நூறு வருசமா உலகம் பூரா பேர் போன ஈயாம். எனக்கும் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

அப்பத்தான் கொரோனா வந்து யுனிவர்சிட்டியைப் பூட்டினாங்க. பாப்பா ஈயையெல்லாம் அட்டைப்பெட்டியில அடுக்கி, ஆட்டோவுல ஏத்தி மாடிக்குக் கொண்டாந்துருச்சு. கவனிக்க ஆள் இல்லாட்டி எல்லாம் செத்துரும், பண்ணின படிப்பெல்லாம் வீணுன்னு கண்ணுல தண்ணி வேற. என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் சும்மா இருப்பாளா? 'ஊரே சோப்புப் போட்டுக் கை கழுவிக்கிட்டுக் கெடக்கு, நம்ம வீட்ல ஈக்கு வாடகைக்கு விட்டிருக்கோம்'னு ரெண்டு நாள் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல.

இதுக்கு நடுவுல பாப்பாவோட அம்மா தூத்துக்குடியில படியில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விட்டுப்போச்சு. எப்படியோ பாஸ் வாங்கிக்கிட்டுப் பொண்ணு கெளம்பிருச்சு. போற அவசரத்துல என்னைக் கூப்பிட்டு ஒப்படைச்சுது. 'அங்கிள், வேலை ஒண்ணும் பெருசில்ல. தீனி காயிறதுக்குள்ள ஈயைப் புதுக் குப்பிக்கு மாத்திரணும். பழைய குப்பியைத் தட்டுனா ஈ கீழ விழும், புதுக் குப்பி மேல கவுத்தா உள்ள போயிரும், டக்குனு பஞ்சை வெச்சு அடைச்சிரணும். நீலக் கலர் டேப்பு ஒட்டினது குடும்பம், ஆணும் பொண்ணும் ஒண்ணா இருக்கும். செவப்பு டேப்பு கன்னிப் பொண்ணுங்க. பச்சை டேப்பு ஆம்பளைங்க மட்டும். செவப்பையும் பச்சையையும் மட்டும் சேத்துராதீங்க.'

கன்னின்னு சொன்னதும் நான் திருப்பிக் கேட்டேன் தம்பி, ஈயிலயுமான்னு. ஆமாவாம். கூட்டுல இருந்து வெளிய வந்ததும், ஆம்பளை கண்ணுல படுறதுக்கு முன்னாடி பிரிச்சு எடுத்துத் தனியா வெப்பாங்களாம். அதுக்காகப் பொழுது விடியக் கருக்கல்ல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை லேப்புக்கு ஓடுவாங்களாம், தீவாளி பொங்கல்கூடக் கெடையாதாம். நான் அசந்துட்டேன். நம்ம தொழில்ல இவ்வளவு கட்டு திட்டம் நான் பாத்ததே இல்ல.

தீனி பஞ்சவர்ணம் பொறுப்பு. சோள மாவு, வெல்லம், ஈஸ்ட்டு, கடல்பாசி எல்லாம் போட்டுக் களி கணக்கா கிண்டி, குப்பியில ஊத்தி ஆற வெக்கணும். ஆரம்பத்துல மொணமொணத்துக்கிட்டே கிண்டுனா. அப்புறம் பாத்தா, 'ஒரு ஏலக்காய் தட்டிப் போடட்டுமா'ன்னு கேக்குறா. பாசம் வந்துருச்சு.

எனக்கும் வந்துருச்சுன்னு வையுங்க. வேற என்ன வேலை? மண்டபமெல்லாம் பூட்டு. ஜாதகக் கட்டு பரண் மேல கெடக்கு. பொண்ணு வீட்டுக்கு போன் போட்டா, 'அண்ணே, உசுரோட இருந்தா அடுத்த வருசம் பேசுவோம்'ங்கிறாங்க. கை நமநமங்குது தம்பி. ஜாதகம் பாக்குற பூதக்கண்ணாடி ஒண்ணு வெச்சிருக்கேன், அதை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயி ஈயைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். ஆம்பள ஈக்கு வால் பக்கம் கருப்பா இருக்கும், முன்னங்கால்ல சின்னதா சீப்பு மாதிரி ஒண்ணு இருக்கும். அழகா இருக்கும்.

அந்த பச்சை டேப்பைப் பாக்கப் பாக்கத்தான் எனக்கு மனசு கேக்கல. பூரா வயசுப் பசங்க. ஒரு றெக்கையை மட்டும் வெரிச்சு அதிர வெக்குதுங்க. அதுதான் அதுங்க பாட்டாம், பாப்பா முன்னாடியே சொல்லியிருக்கு, பொண்ணைப் பாத்தாப் பாடுமாம். இங்க யாரைப் பாத்துப் பாடுறது? திரும்புன பக்கமெல்லாம் ஆம்பள. பக்கத்துலயே செவப்பு டேப்புல கன்னிப் பொண்ணுங்க கண்ணாடியில ஏறி ஏறி எறங்குதுங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் எடவெளி. ஒரு கல்யாணத் தரகன் இதைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தா அவன் தரகனா?

பாப்பா சேக்காதீங்கன்னு சொல்லிச்சு, வாஸ்தவம். ஆனா எந்தத் தாய் தகப்பன்தான் முதல்ல சேத்து வையுங்கன்னு சொல்றாங்க. வேண்டாம் வேண்டாம்னுதான் ஆரம்பிப்பாங்க. அது எனக்குப் பழக்கம்தான்.

குப்பியைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜுல வெச்சா குளுருல ஈ மயங்கிப் படுத்துக்கும். இட்லி மாவுச் சட்டிக்குப் பக்கத்துல வெச்சேன். வெள்ளைத் தட்டுல கொட்டி, பெயின்ட் அடிக்கிற மெல்லிசு பிரஷ்ஷால தள்ளித் தள்ளிப் பிரிச்சேன். ராகுகாலம் கழிச்சு, நல்ல நேரம் பாத்து, பச்சைக் குப்பியில இருந்து கொஞ்சம் பையனுங்க, செவப்புக் குப்பியில இருந்து கொஞ்சம் பொண்ணுங்க, ஒரு புதுக் குப்பியில சேத்து வெச்சேன். பஞ்சவர்ணம் பின்னாடி நின்னு, 'மாப்பிள்ளைக்கு வேட்டி கட்டலையா'ங்கிறா. மயக்கம் தெளிஞ்சு எந்திரிச்சதுங்க பாருங்க, பையனுங்க றெக்கையை வெரிச்சுக்கிட்டுப் பொண்ணுங்களைச் சுத்தி வந்ததைப் பாக்கணுமே. நாலு மாசத்துக்கு அப்புறம் ஒரு கல்யாணம். எனக்கு மனசு நெறஞ்சு போச்சு தம்பி.

ஆனா புள்ளை இல்ல. முட்டை இருக்கு, அரிசி நொய் மாதிரி வெள்ளை வெள்ளையா தீனி மேல தெரியுது. புழு மட்டும் வரல. நீல டேப்புக் குப்பியில புழு கண்ணாடியில ஏறி வழியுது, இங்க தீனி அப்படியே பட்டுத்துணி மாதிரி கெடக்கு. நான் காத்துப் பாத்தேன். அப்புறம் முடிவு பண்ணிட்டேன். பொண்ணு சரியில்ல.

நம்ம தொழில்ல அதுதான் முறை. பொண்ணுன்னா நடக்கச் சொல்லிப் பாப்பேன், வாசிக்கச் சொல்லிப் பாப்பேன், பல்லு, முடி, அத்தை வழியில யாருக்கும் சீக்கு உண்டா, அம்மாவுக்கு எத்தனை பிரசவம், எல்லாம் கேப்பேன். மாப்பிள்ளைக்கு என்ன தோட்டம், என்ன வேலை, தண்ணி அடிப்பானா? அவ்வளவுதான். அதுக்கு மேல மாப்பிள்ளைகிட்ட என்னத்தைக் கேக்குறது?

அதனால பொண்ணுங்களை மாத்துனேன். முதல்ல போன பொண்ணுங்களை நான் சும்மா விடல, என்னை நம்பிப் போனதுங்க இல்லையா. நீலக் குப்பியில இருந்து நாலஞ்சு ஆம்பளைங்களைப் பிடிச்சு, வேற குப்பியில மறுமணம் பண்ணி வெச்சேன். பச்சைப் பசங்களுக்குப் புதுப் பொண்ணுங்க. மறுபடியும் அதே கதை. பாட்டு இருக்கு, ஆட்டம் இருக்கு, முட்டை இருக்கு, புழு இல்ல. இன்னும் ரெண்டு தடவை மாத்திப் பாத்தேன் தம்பி. அதுவும் தரிசு. பஞ்சவர்ணம், 'நீங்க பாக்குற பொண்ணுங்களே இப்படித்தான்'னு குத்திக் காட்டுறா.

இதுல வேடிக்கை என்னன்னா, மறுமணம் பண்ணிக்குடுத்தேனே முதல் கூட்டம், அந்தக் குப்பியைப் பாக்கணும் நீங்க. புழுவா வழியுது. கண்ணாடியில கூடு கூடா ஒட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டாவது கூட்டமும் அப்படித்தான். அதே பொண்ணுங்க, இங்கிட்டு இருந்தப்ப தரிசு, அங்கிட்டுப் போனதும் வீடு கொள்ளாத புள்ளை. எனக்கு ஒண்ணும் பிடிபடல. சில பொண்ணுங்களுக்குப் போற எடத்து ராசின்னு எடுத்துக்கிட்டேன்.

அந்தச் சமயம் பாப்பா வீடியோவுல கூப்பிட்டுச்சு. எல்லாக் குப்பியையும் காட்டச் சொல்லுச்சு. பச்சைக் குப்பியைக் காட்டுனதும், 'அங்கிள், இதுல ஆளு கொறையுதே'ன்னுச்சு. கல்யாணமாகிப் போயிட்டாங்க பாப்பான்னேன். அந்தப் பசங்க தனியா எவ்வளவு நாள் உசுரோட இருக்கும்னு பாக்கத்தான் வெச்சிருந்துச்சாம், அந்தக் கணக்கு போச்சு. நான் நடந்ததை ஒண்ணுவிடாமச் சொன்னேன். ராகுகாலம் பாத்ததைச் சொன்னப்ப சிரிக்க ஆரம்பிச்ச பொண்ணு, மூணு தடவை பொண்ணு மாத்துனதைச் சொன்னப்ப போனைக் கீழ வெச்சுட்டுச் சிரிக்குது. அவங்க அம்மா கட்டில்ல இருந்து என்னடி என்னடின்னு கேக்குறது எனக்குக் கேக்குது.

'அங்கிள், அந்தப் பசங்களுக்கு ஒய் கிடையாது'ன்னுச்சு.

ஒய்யின்னா ஒய் குரோமோசோம். உடம்புல ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் நூல்கண்டு மாதிரி சுருட்டி வெச்சிருக்குமாமே, அதுல ஒரு கண்டு. ஆம்பளைக்கு மட்டும் உள்ளது. நான் விடுவேனா? 'ஒய் இல்லாட்டி அது எப்படிப் பாப்பா ஆம்பளை? சீப்பு இருக்கு, கருப்பு வாலு இருக்கு, பாட்டுப் பாடுது'ன்னேன். அதுக்குச் சொல்லுச்சு, 'மனுசனுக்குத்தான் அங்கிள் ஒய் வந்து ஆம்பளைன்னு தீர்மானிக்கும். ஈக்கு அப்படி இல்ல. எக்ஸுன்னு இன்னொண்ணு இருக்கு, அது ஒண்ணா ரெண்டான்னு உடம்பு பாத்துக்கும். ஒண்ணுன்னா ஆண், ரெண்டுன்னா பொண்ணு. ஒய் இருந்தாலும் இல்லாட்டியும் அதுல மாத்தம் இல்ல.'

'அப்ப ஒய் எதுக்குத்தான் இருக்கு?'

'வித்துக்கு, அதான் விந்தணுவுக்கு. ஈயோட வித்துக்கு வால் எவ்வளவு நீளம் தெரியுமா, கிட்டத்தட்ட ஈ உடம்பு நீளத்துக்கே இருக்கும். அந்த வாலை அசைக்கிற மோட்டாரைச் செய்யிற ஜீனுங்க சிலது ஒய்யிலதான் இருக்கு. ஒய் இல்லாட்டி ஈ வெளிய பாக்க முழு ஆம்பளை. ஆடும், பாடும், சேரும். வித்துகூட உருவாகும். ஆனா நீந்தாது. அப்படியே கெடக்கும்.'

எனக்குக் கேக்கக் கேக்க ஆர்வமாயிருச்சு தம்பி. அந்தப் பொண்ணும் விலாவாரியாச் சொல்லுச்சு. நம்ம ஒய் இருக்கே, அது ஒரு காலத்துல எக்ஸோட சரிசமமா இருந்த பங்காளியாம். கோடிக்கணக்கான வருசத்துல சொத்தையெல்லாம் கரைச்சுட்டு மிச்சம் மீதியோட நிக்குதாம். ஈயோட ஒய் அப்படி இல்லையாம். அதுல இப்ப இருக்கிற ஜீனுங்க மத்த குரோமோசோம்கள்ல இருந்து ஒண்ணு ஒண்ணா வந்து குடியேறினதாம். வீட்டோட மாப்பிள்ளை கணக்கா, அங்க இங்க இருந்து சேத்துக்கிட்டு உக்காந்திருக்கு. ஆளு பாக்கப் பெருசு, வேலை செய்யிற ஜீனு பத்துப் பதினஞ்சு தேறுனா அதிகமாம், மத்ததெல்லாம் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்ற கதையாம். எனக்குப் பல மாப்பிள்ளை வீடு ஞாபகம் வந்துச்சு. இன்னொரு வகை ஈயில பழைய ஒய் போயி வேற குரோமோசோமோட ஒட்டிக்கிட்டு, பொம்பள ஈகிட்டயும் குடித்தனம் பண்ணுதாம். அந்த எடத்துக்குப் புதுசா ஒண்ணு ஒய்யா வந்து வேலை பாக்குதாம். இதெல்லாம் நம்ம சம்பந்தக்காரங்க பண்ற வேலைதானே?

கடைசியா பாப்பா சொல்லுச்சு, 'ஈக்குச் சொன்னதை அப்படியே மனுசனுக்குப் பொருத்திராதீங்க அங்கிள்.' நான் ஏன் பொருத்தப்போறேன்? மனுசப் பொருத்தம் பாக்க எனக்குத் தெரியாதா?

இப்ப சின்னமனூருக்கு வாரேன்.

அங்க ராக்கம்மான்னு ஒரு அம்மா. திராட்சைத் தோட்டம், தென்னந்தோப்பு, நல்ல வசதி. ஒரே மகன் தனுஷ்கோடி. ஆள் ஆறடி, தோட்டத்துல கூலிக்காரங்க நாலு பேர் தூக்குறதை ஒத்தையாத் தூக்குவான். அவனுக்கு ஜோதிமீனான்னு ஒரு பொண்ணைப் பாத்து முடிச்சது நான்தான். அதோட அப்பா எனக்கு ஸ்நேகிதம், அதனால என்னைப் பெரியப்பான்னு கூப்பிடும். தங்கமான பொண்ணு. அவனும் அதும் ஒருத்தரை ஒருத்தர் விட்டு இருக்க மாட்டாங்க. ஆறு வருசமாச்சு, புள்ளை இல்ல.

அந்தப் பொண்ணு சுத்தாத கோயில் இல்ல, குடிக்காத கசாயம் இல்ல. மண் சோறு தின்னுச்சு. தேனியில ஒரு டாக்டர், கம்பத்துல ஒரு டாக்டர், வயித்துக்குள்ள என்னென்னமோ விட்டுப் பாத்தாங்க. ரெண்டு பேருமே பொண்ணுகிட்ட குறை இல்ல, அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாங்களாம். ராக்கம்மா அங்கேயே சத்தம் போட்டு எந்திரிச்சு வந்துட்டாங்க. பின்ன என்ன தம்பி, அந்த ஆளைப் பாத்துட்டு அப்படிக் கேக்கலாமா?

ஊரடங்கு தளர்ந்ததும் ராக்கம்மா எனக்கு போன் போட்டாங்க. 'அண்ணே, பொறுத்தது போதும். இவளை அத்து விட்டுட்டு வேற பொண்ணு எடுக்கப் போறேன். நீங்க பாத்துக் குடுத்த சரக்குக்கு நீங்களே மாத்தும் பாத்துக் குடுங்க'ன்னாங்க. எனக்கு ஜோதிமீனாவை நெனைச்சா கஷ்டமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா நான் இல்லேன்னா இன்னொரு தரகன். போடியில ஒரு பொண்ணு இருந்துச்சு, போட்டோவை வாங்கிச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டுப் போனேன்.

போனா, சாப்பாடு. எலை போட்டிருக்கு. நானும் தனுஷ்கோடியும் பக்கத்துப் பக்கத்துல. எதுத்தாப்புல ராக்கம்மா நாற்காலியில. பரிமாறுறது யாரு? ஜோதிமீனா. நான் எதுக்கு வந்திருக்கேன்னு அதுக்குத் தெரியும். என் முகத்தைப் பாக்காம, 'பெரியப்பா, குழம்பு ஊத்தவா'ங்குது. கரண்டி எலையில முட்டுது, குழம்பு எலைக்கு வெளிய சிந்துது. தனுஷ்கோடி தலை நிமிரல. நான் சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்தேன் தம்பி.

எலை ஓரத்துல திராட்சைக் கொத்து வெச்சிருந்தாங்க. பாத்தா, அது மேல ரெண்டு பழ ஈ. சரி, இந்த இறுக்கத்தைக் கொஞ்சம் லேசாக்குவோம், நாலு பேர் சிரிக்கட்டும்னுதான் நான் ஆரம்பிச்சேன். உங்ககிட்டச் சொன்னேனே, அப்படியேதான் சொன்னேன். ஃபிரிட்ஜு, பிரஷ்ஷு, ராகுகாலம். ராக்கம்மாவே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. வேட்டி கட்டலையான்னு பஞ்சவர்ணம் கேட்டதைச் சொன்னப்ப தனுஷ்கோடிகூட லேசாச் சிரிச்சான். எனக்கு உற்சாகமாயிருச்சு. பொண்ணு மாத்துனது, மறுபடி மாத்துனது, அந்தப் பொண்ணுங்க வேற குப்பிக்குப் போனதும் புள்ளையாப் பெத்துத் தள்ளுனதுன்னு அளந்துக்கிட்டே போறேன்.

ஜோதிமீனா அடுப்படி நெலையில நின்னுச்சு, கையில சோத்துச் சட்டி. 'அதே பொண்ணுங்களா பெரியப்பா?'ன்னு கேட்டுச்சு.

'அதே பொண்ணுங்கதாம்மா. நானே பிரஷ்ஷால எடுத்து விட்டேனே.'

'மாப்பிள்ளை ஈ பாக்க எப்படி இருந்துச்சு?'

'அதை ஏன் கேக்குற, ஒரு குறை சொல்ல முடியாது. நல்ல வாட்டசாட்டம்.'

'மூணு தடவை பொண்ணை மாத்துனீங்களே. ஒரு தடவையாச்சும் அந்த ஈயைப் பாத்தீங்களா?'

நல்ல பொண்ணு, ஆனா கேள்வி கேக்கத் தெரியல. 'அதை எதுக்கும்மா பாக்கணும், அதுதான் நல்லா இருந்துச்சே'ன்னேன். அப்புறம்தான் பாப்பா சொன்ன ஒய் கதையைச் சொன்னேன், ஆடும், பாடும், எல்லாம் இருக்கும், வித்து மட்டும் நீந்தாதுன்னு. நல்ல சிரிப்பு வரும்னு எதிர்பாத்தேன். ராக்கம்மா சிரிப்பு எங்க போச்சுன்னு தெரியல. சட்டியைக் கீழ வெக்காம ஜோதிமீனா அப்படியே நிக்குது, கண்ணுல இருந்து தண்ணி ஓடுது, தொடைக்கக்கூட இல்ல. நேரா அவனையே பாக்குது. கோபமா பாத்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். கோபம் இல்ல.

தனுஷ்கோடி பாதிச் சோத்துல எந்திரிச்சான். கொல்லைப் பக்கம் போயிக் கை கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான், தண்ணிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. திரும்பி வந்து அவங்க அம்மா முன்னாடி நின்னான்.

'அம்மா, இனிமே பொண்ணை யாரும் பாக்க வேண்டாம். முதல்ல என்னைப் பாக்கட்டும்'னான்.

'என்னடா பேசுற, ஊரு என்ன சொல்லும்'னாங்க ராக்கம்மா.

'ஆறு வருசமா இவளைச் சொல்லுச்சுல்ல. கொஞ்ச நாள் என்னைச் சொல்லட்டும்.'

அவ்வளவுதான் பேசினான். சொல்லிட்டு ஜோதிமீனா கையில இருந்த சட்டியை வாங்கிக் கீழ வெச்சான். ராக்கம்மா என் பக்கம் திரும்புனாங்க பாருங்க. 'அண்ணே, பொண்ணு காட்ட வரச் சொன்னா ஈ கதை சொல்ல வந்தீங்களா? எந்திரிங்க முதல்ல'ன்னாங்க. ரசம் ஊத்தல, மோர் ஊத்தல, அப்படியே எந்திரிச்சேன். சட்டைப்பையில போடிப் பொண்ணு போட்டோ. எடுத்துக் காட்டக்கூட விடல. சொல்லுங்க தம்பி, ஈயைப் பத்திப் பேசுனா மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன வந்துச்சு? இவங்க தோட்டத்துல இல்லாத ஈயா? எனக்கு அன்னைக்குப் பட்ட அவமானம் இன்னும் ஆறல. அதுல இருந்து அந்த ஊர் ஸ்டாப்புல நான் எறங்குறதே இல்ல.

எந்திரிக்கிறீங்களா? உசிலம்பட்டிதான் வருது, மதுரைக்கு இன்னும் நேரம் கெடக்கு, உக்காருங்க. பாக்கியையும் கேட்டுட்டுப் போங்க.

போன மாசம் பஞ்சவர்ணத்துக்குக் கண்ணு காட்ட மதுரையில ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வழி தெரியாம ஒரு ஹாலுக்குள்ள நொழைஞ்சுட்டோம். பூரா புள்ளை இல்லாதவங்க உக்காந்திருக்கிற எடம். பொம்பளைங்க வரிசை வரிசையா. நடுவுல ஒத்தையா ஒரு ஆம்பளை, மடியில ஃபைலோட, ஆறடி. பாத்தா தனுஷ்கோடி. எனக்குக் கூச்சமாப் போச்சு, திரும்பிரலாம்னு பாத்தேன். அவன் பாத்துட்டான். 'மாமா, வாங்க'ன்னு சத்தமாக் கூப்பிட்டு, எந்திரிச்சுப் பஞ்சவர்ணத்துக்கு எடம் குடுத்தான்.

நான் அவன் மானத்தைக் காப்பாத்தணும்ல. நாலு பேருக்குக் கேக்குற மாதிரி, 'என்ன மாப்பிள்ளை, ஜோதிமீனாவுக்கு ஒடம்பு சரியில்லையா'ன்னு கேட்டேன். அவன் என்னைவிடச் சத்தமா, 'அவளுக்கு ஒண்ணுமில்ல மாமா, எனக்குத்தான்'னான். அந்த ஹாலே திரும்பிப் பாத்துச்சு. அவன் பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறான்.

அந்நேரம் ஜோதிமீனா டீயோட வந்துச்சு. எங்களைப் பாத்ததும் மறுபடி ஓடிப்போயி இன்னும் ரெண்டு வாங்கிட்டு வந்துச்சு. சின்னமனூர்ல குழம்பைச் சிந்துச்சே, அந்தக் கைதான், நாலு டீயில ஒரு சொட்டுச் சிந்தல. டாக்டர் என்னம்மா சொல்றாருன்னு கேட்டேன்.

'ஒரு ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாங்கிறாரு பெரியப்பா. வரலாம், வராமலும் போகலாமாம்.'

'வரலைன்னா?'

'வரலைன்னா என்ன, ரெண்டு பேரும் எங்க வீட்டுக்குப் போவோம்'னு சொல்லிட்டு அவன் பக்கத்துல உக்காந்து டீயை ஊதி ஊதிக் குடிக்குது.

புள்ளை வருமான்னே தெரியாத ஒரு பொண்ணு, ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து அவ்வளவு சந்தோஷமா டீ குடிச்சு நான் பாத்ததே இல்ல தம்பி. அப்படி என்ன சந்தோஷம்னு வழியெல்லாம் பஞ்சவர்ணத்துக்கிட்டக் கேட்டுக்கிட்டே வந்தேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பஸ்ஸு வர்ற வரைக்கும் சிரிச்சா.